பதினோரு பவுண்டு மீனும் ஒரு வட்டப் பேட்டரியும்

வேக்ஃபீல்டு, மிச்சிகன்
மார்ச் 14, வியாழக்கிழமை

என் அன்புக்கும், இந்த வாரம் மட்டும் என் பயத்துக்கும் உரிய மச்சான் வெய்க்கோவுக்கு,

உன் அத்தான் ரெய்னோ எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா ஐலியும் சௌக்கியம். அங்கே ஃபுளோரிடாவில் நீயும் உன் முழங்காலும் சௌக்கியம் என்று நம்புகிறோம். உன் வீட்டுக் கூரை சௌக்கியம், மேலே குவிந்த பனியை இதுவரை மூன்று தடவை தள்ளிவிட்டேன். குழாய்கள் சௌக்கியம். கொட்டகையில் உன் படகு சௌக்கியம், அதற்குள் குடியிருக்கும் எலியும் சௌக்கியம். சௌக்கியம் என்று எழுதக் கை வராத பொருள் ஒன்றே ஒன்று, உன் வீட்டுக் கூடத்தில் டிவிக்குக் கீழே துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் உனக்குக் காது கேட்காது, உனக்குக் கேட்கிற மாதிரி கத்த எனக்குத் தைரியம் வராது. முதலில் ஒரு நாற்காலியில் உட்கார். கையில் சூடான காபி இருந்தால் கீழே வை.

மச்சான், உன் மீன் போய்விட்டது.

இரு, இரு, கடிதத்தைக் கசக்காதே. முழுக்கப் படி. உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் நான் எதையும் ஒளிக்கவில்லை என்று உன் அக்கா கடைசியில் கையெழுத்துப் போடப் போகிறாள். 1998 பிப்ரவரியில் மூன்று நாள் விடாமல் பனிப்புயல் அடித்ததே, ஏரிக்குப் போய் ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிக்க வழியில்லாமல் நாம் இரண்டு பேரும் உன் வீட்டில் கூண்டுப் புலி மாதிரி நடந்துகொண்டிருந்தோமே, அப்போது உன் மகள் மர்யா அவளுடைய வீடியோ கேம் பெட்டியை எடுத்து வைத்து, "இதுலயும் ஐஸ் மீன் பிடிக்கலாம், வந்து பிடிங்க, என்னைப் படிக்க விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாம் பந்தயம் கட்டினோம். யார் மீன் சின்னதோ அவன் சனிக்கிழமை தோறும் விறகு உடைத்து நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சௌனாவை, அதாவது நீராவிக் குளியல் அறையை, சூடாக்க வேண்டும், அந்த மீனை மிஞ்சி ஒரு மீன் வருகிற வரைக்கும். என் மீன் ஐந்து பவுண்டு ஒன்பது அவுன்ஸ். அடுப்புக்கு விறகு எடுக்க நான் வெளியே போயிருந்த சமயம் பார்த்து உள்ளேயிருந்து நீ போட்ட சத்தத்தில் கூரைப் பனி சரிந்தது. ஓடி வந்தேன். வெளிக்குளிரிலிருந்து உள்ளே வந்ததும் என் கண்ணாடி இரண்டு பக்கமும் வெள்ளையாகிவிட்டது. திரையில் ஏதோ நீளமாக, பச்சையாக ஒன்று துள்ளியது மட்டும் தெரிந்தது. "பதினோரு பவுண்டு நாலு அவுன்ஸ், அத்தான்! பதினோரு பவுண்டு!" என்று நீதான் படித்துக் காட்டினாய். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் டிவியை அணைத்துவிட்டாய், சூடாகிவிட்டதாம்.

அன்றிலிருந்து இருபத்தாறு வருஷமாக நான் விறகு உடைக்கிறேன். முறையிடவில்லை, சொல்கிறேன். மிஞ்சி ஒரு மீன் பிடித்துவிடலாம் என்றால் நீ அந்தப் பெட்டியைத் தொட விட்டதே இல்லை. "அத்தான், அதோட ஞாபகமெல்லாம் பின்னாடி இருக்கிற குட்டி பேட்டரியிலதான் இருக்கு. கடிகாரம் நின்னா மீனும் போச்சு. தொடாதீங்க, பேட்டரி வீக்." ஒவ்வொரு நவம்பரிலும் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத் தெற்கே கிளம்பும்போது வீட்டைப் பற்றி நீ சொல்வது அரை நிமிஷம், பிளக்கைப் பற்றிச் சொல்வது கால் மணி நேரம். "வீடு எரிஞ்சாக்கூட பரவால்ல, அந்த பிளக்க மட்டும் உருவிடாதீங்க."

உருவவில்லை, மச்சான். சத்தியமாக உருவவில்லை. பிளக் இன்றைக்கும் சுவரில்தான் இருக்கிறது.

நடந்தது என்னவென்றால், ஜனவரி மூன்றாவது வாரம் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டுக்குப் போனது. வியாழக்கிழமை வழக்கம்போல் உன் வீட்டைப் பார்க்கப் போனால் உள்ளே நான் விடுகிற மூச்சு எனக்கே தெரிகிறது. ஹீட்டர் அணைந்து கிடக்கிறது. நம் ஊர்க்காரன் எவனாயிருந்தாலும் அந்த நேரத்தில் என்ன செய்வானோ அதைத்தான் நானும் செய்தேன். ஓடிப்போய்த் தண்ணீரை நிறுத்தினேன், குழாயையெல்லாம் திறந்து வடிய விட்டேன், கழிப்பறைத் தொட்டியை மொண்டு ஊற்றினேன். வெந்நீர்த் தொட்டியைக் காலி செய்யும் முன் அதன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற கம்பி கருகிவிடும், இது குழந்தைக்கும் தெரியும். சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் இருபது சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீ பென்சிலால் எழுதியிருக்கிறாய். ஒன்றில் "கீழ்" என்று இருக்கிறது. இன்னொன்றில் "மற்றது". மூன்றாவதில் "கேள்" என்று இருக்கிறது. யாரைக் கேட்பது? விரல் மரத்துப்போன மனிதன் எத்தனை நேரம் ஆராய்ச்சி செய்வான்? எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெரியதைக் கீழே தள்ளினேன். வீடு மொத்தமும் அமைதியானது. குழாய் ஒன்றுகூட வெடிக்கவில்லை என்பதை இந்த இடத்தில் ஞாபகப்படுத்திக்கொள். ஹீட்டர்காரன் வர நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் மின்சாரத்தைப் போட்டுவிட்டு வீடெல்லாம் சரியா என்று பார்த்துக்கொண்டே வந்தவன் உன் துண்டைப் பார்த்தேன். அந்தப் பிளக்குக்கும் மின்சாரம் அதே பெரிய சுவிட்சிலிருந்துதானே வருகிறது!

டிவியையும் பெட்டியையும் போட்டேன். திரையில் "தேதியை அமைக்கவும்" என்றது. கீழே ஜனவரி 1, 1994, பகல் பன்னிரண்டு மணி. மீன் பட்டியலைத் திறந்தால் பத்து வரியும் காலி. கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பார். உன் மீன் போனதால் உலகத்தில் லாபம் அடையக்கூடிய மனிதன் ஒரே ஒருவன். அவன்தான் உன் வீட்டுச் சாவியை வைத்திருக்கிறான். இருபத்தாறு வருஷம் விறகு உடைத்தவன், போன இலையுதிர் காலத்தில்தான் தோளுக்கு ஊசி போட்டுக்கொண்டவன். நான் நீதிபதியாக இருந்தால் என்னை நானே உள்ளே தள்ளியிருப்பேன். வீட்டுக்கு வந்து ஐலியிடம் சொன்னேன். அவள் ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏங்க, உண்மையச் சொல்லுங்க. வேணும்னே பண்ணீங்களா?"

"ஐலி! நாப்பத்தெட்டு வருஷமா என்கூட இருக்க, நீயே இப்படிக் கேக்குறியா?"

"நாப்பத்தெட்டு வருஷமா கூட இருக்கறதாலதான் கேக்கறேன்."

சரி, பேட்டரியை மாற்றினால் ஒருவேளை மீன் திரும்பி வரும் என்று நினைத்தேன். சிரிக்காதே. பெட்டியின் பின்னால் சின்னக் கதவு ஒன்று இருக்கிறது, சில்லறைக் காசால் திருகினால் திறக்கிறது. உள்ளே ஒரு வட்டப் பேட்டரி, அதன் மேல் உன் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்: "மாற்றியது 2011." மச்சான், "ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் நானே மாத்திடறேன்" என்று நீ சொல்லவில்லையா? நான் குற்றம் சாட்டவில்லை, தேதியை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். அதே அளவுப் பேட்டரி உன் அக்காவின் எடை மெஷினில் இருப்பது ஞாபகம் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போனேன். மறுநாள் காலை அவள் மெஷின் மேல் ஏறி நின்றால் ஒன்றும் காட்டவில்லை, அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்தாள். அந்தப் பேட்டரியை நான் தலைகீழாகப் போட்டிருந்தேன் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நேராகப் போட்டதும் தேதி நின்றது. ஆனால் பெட்டியை அணைத்துப் போட்டால் மறுபடியும் 1994. அது செத்த பேட்டரியாம். ஐலி இத்தனை நாள் பார்த்த எடையும் சரியில்லையாம், அதை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும்போது இந்த வரியை விரலால் மறைத்துக்கொள்வேன்.

இரும்புக் கடைக்குப் போனேன். கல்லாவில் டோலோரஸ். ஊருக்கெல்லாம் செய்தி அங்கேதான் தயாராகிறது என்பது உனக்குத் தெரியும். பேட்டரியைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எதுக்கு ரெய்னோ இது?"

"கடிகாரத்துக்கு."

"யாரோட கடிகாரம்?"

நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதுதான் தப்பு.

"அட கடவுளே," என்றாள், குரலைத் தாழ்த்தி, ஆனால் பெயின்ட் அடுக்கு வரைக்கும் கேட்கிற மாதிரி. "கடைசில பிளக்க உருவிட்டியா! நான் பத்து வருஷம் முன்னாடியே எதிர்பார்த்தேன். நல்ல பொறுமைக்காரன்யா நீ."

அன்று சாயங்காலமே பெட்ரோல் பங்கில் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காபி வேளையில் யாரோ என் தட்டில் இரண்டாவது துண்டு கேக்கைச் சொல்லாமல் கொள்ளாமல் வைத்துவிட்டுப் போனார்கள். செய்யாத தப்புக்கு இப்படி மரியாதை கிடைப்பது எவ்வளவு கூச்சமாக இருக்கிறது தெரியுமா? கேக்கைச் சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

புதுப் பேட்டரி போட்டும் தேதி நிற்கவில்லை. உள்ளே பேட்டரியைத் தொடுகிற தகடு பச்சை பூத்திருந்தது. வினிகர் போட்டுத் துடைத்தேன், பென்சில் ரப்பரால் தேய்த்தேன், ஒரு நாள் கடிகாரம் ஓடும், மறுநாள் தூங்கும். கடைசியில் பெர்க்லேண்டில் அக்கார்டியன் வாத்தியமும் பழைய வீடியோ கேம் பெட்டியும் பழுது பார்க்கிற ஆர்வில் என்று ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பெட்டியை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ஐலியை ஓட்டச் சொல்லிப் போனேன். சரியாக இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினேன். பூட்டியிருந்தது. மாவட்ட எல்லையைத் தாண்டினால் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் என்பதை, ஐம்பது வருஷமாக எல்லைக்கு இருபது மைலில் வாழ்கிறவன், மறந்துபோனேன். அங்கே அப்போதே மூன்று மணி, அந்த நேரத்துக்கு அவர் கடையை மூடிவிட்டு ஏரிக்குப் போய்விடுவாராம். அடுத்த தடவை ஏமாறக் கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தில் ஒரு மணி நேரம் கழித்துக்கொண்டேன். ஐலியும் தனியாக ஒரு மணி நேரம் கழித்து வைத்திருந்தாள், என்னிடம் சொல்லவில்லை. ஆர்வில் கதவைத் திறந்தபோது நாங்கள் காருக்குள் ஒரு மணி நேரமாக உறைந்து உட்கார்ந்திருந்தோம்.

அவர் பெட்டியைத் திறந்து, தகட்டைக் கழற்றிப் புதுசு வைத்துப் பற்றவைத்தார். கடிகாரம் டிக்கென்று நின்றது, அதாவது நிற்காமல் ஓடியது. நான் மெதுவாகக் கேட்டேன், "அப்போ மீன்?"

"பாருங்க பெரியவரே," என்றார், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து. அவருக்கே எழுபது இருக்கும். "கடிகாரத்த நான் சரி பண்ணிடலாம். போன மீன என்னால கூப்பிட முடியாது. இந்த பேட்டரி செத்த நிமிஷமே அது தண்ணிக்குள்ள போயிடுச்சு."

திரும்பி வரும் வழியிலும் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ஆனால் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. ஆர்விலிடம் போய் வந்த மறுநாளிலிருந்து, பிப்ரவரி முழுக்க, உன் மீனை நானே பிடித்து உன் பெயரிலேயே எழுதி வைத்துவிடலாம் என்று உன் கூடத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு உட்கார்ந்து ஆடினேன். பதினோரு பவுண்டு நாலு அவுன்ஸ், ஒரு அவுன்ஸ் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், கச்சிதமாக உன் மீன். காலை காபி குடித்ததும் போவேன், மதியம் ஐலி கறி வைத்துச் சுட்ட பாஸ்டி கொண்டுவந்து கொடுப்பாள், சாயங்காலம் வருவேன். ஒரு நாள் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, அங்க வெளியில நிஜ ஏரி இருக்கு."

"தெரியும்."

"அதுல நிஜ மீன் இருக்கு."

"தெரியும், ஐலி."

"நிஜ ஏரில அம்பது வருஷமா இப்படி முகத்த வச்சுக்கிட்டு நீங்க உக்காந்து நான் பாத்ததே இல்ல."

என்ன செய்தும் பெரிய மீன் வரவில்லை. மூன்று பவுண்டு, நாலு பவுண்டு, ஒரு பழைய பூட்ஸ். ஒரே ஒரு தடவை, மாசக் கடைசியில், கம்பு வளைந்து கட்டை விரல் வலிக்க வலிக்க இழுத்து பைக் என்கிற நீள மூக்கு மீன் ஒன்றை மேலே கொண்டுவந்தேன். ஏழு பவுண்டு இரண்டு அவுன்ஸ். எழுந்து நின்று கத்திவிட்டேன், மச்சான், வெட்கமாக இருக்கிறது. அவசரத்தில் உன் பெயருக்குப் பதிலாக என் பெயரையே எழுதிவிட்டேன். அதற்கும் கொடுப்பினை இல்லை, பழுது பார்த்துக் கொண்டுவந்த பிறகு தேதியைத் திருத்த மறந்துபோயிருந்தேன், பெட்டி 1994இலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தது. பட்டியலில் "ரெய்னோ, 7 பவுண்டு 2 அவுன்ஸ், ஜனவரி 20, 1994" என்று பதிந்துவிட்டது. 1994இல் நான் அந்தப் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதற்கு மேல் எத்தனை நாள் உட்கார்ந்தும் அதைவிடப் பெரியது சிக்கவில்லை. பதினோரு பவுண்டு நீ எப்படிப் பிடித்தாய்? உண்மையாகவே கேட்கிறேன். உன்மேல் எனக்கு இப்போது இருக்கிற மரியாதை முன்பு இருந்ததில்லை.

ஆகவே, என் முடிவை எழுதுகிறேன். மீன் திரையில் இல்லாவிட்டாலும் பந்தயம் இருக்கிறது. நீ ஏப்ரலில் வந்ததும் எப்போதும் போல நானே விறகு உடைப்பேன், நானே கல்லைச் சூடாக்குவேன், மேல் பெஞ்சு உனக்கே. ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், நீ மட்டும் நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்துவிடாதே. எனக்குத் தூக்கம் போய் எட்டு வாரம் ஆகிறது. தோளுக்கு இன்னொரு ஊசி போட்டுக்கொள்கிறேன், பரவாயில்லை. உனக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு உன் அத்தான் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் முழங்கால் வெயிலில் நன்றாக ஆறட்டும். உன் பனைமரத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எங்கள் விசாரிப்புகள். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் மறதியும் கொடுக்கட்டும்.

தலை குனிந்த நிலையில்,
உன் அத்தான் ரெய்னோ

(மேலே உள்ளது உண்மை. ஒரு வரியை விரலால் மறைத்துக்கொண்டார், அதைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன். — ஐலி)

பின்குறிப்பு: உறையை ஒட்ட நாக்கை நீட்டிய நேரத்தில் போன் மணி அடித்தது. உன் மகள் மர்யா, மினியாபொலிஸிலிருந்து. என் தூக்கம் கெடுவதைப் பார்க்க முடியாமல் ஐலிதான் அவளுக்குச் செய்தி சொல்லி வைத்திருக்கிறாள். மர்யா சிரித்தாள். "மாமா, இதுக்கா இவ்வளவு கவலை? காலேஜ் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு மெமரி கார்டுல காப்பி எடுத்து வச்சேனே. டிவி மேஜை கீழ் டிராயர்ல, இருமல் மிட்டாய் டப்பாவுல பாருங்க. அப்பாகிட்ட அப்பவே சொன்னேனே!"

உன் வீட்டுக்கு ஓடினோம். டப்பா இருந்தது. கார்டு இருந்தது. பெட்டியில் செருகினேன். உன் மீன் பத்திரமாக, துளியும் கெடாமல் வந்து நின்றது, வெய்க்கோ. இந்தத் தடவை கண்ணாடியை இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்துக்கொண்டு படித்தேன். பிறகு ஐலியைப் படிக்கச் சொன்னேன். பிப்ரவரி 7, 1998. ஆறு பவுண்டு பதினாலு அவுன்ஸ்.

ஐலி இரண்டு தடவை படித்தாள். அப்புறம் விறகுப் பெட்டி மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். "என் தம்பி" என்றாள்.

நீ ஃபுளோரிடாவில் இருந்த மாதங்களைக் கழித்தாலும் எழுநூறு சனிக்கிழமைக்கு மேல் வருகிறது, மச்சான். மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மரியாதையையும். கோபமாகத்தான் இருந்தேன், முக்கால் மணி நேரம். பிறகு யோசித்துப் பார்த்தேன். நீ ஒழுங்காக ஆறு பவுண்டு என்று சொல்லியிருந்தால் அடுத்த வாரமே நான் மிஞ்சியிருப்பேன், அதற்கடுத்த வாரம் நீ, அப்புறம் சண்டை வந்து அவனவன் வீட்டில் தனித்தனியாகக் குளித்திருப்போம். அந்தச் சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன. இதை மறுபடி எழுத மாட்டேன்.

ஏப்ரலில் வரும்போது நல்ல கையுறையாகக் கொண்டு வா. கோடரியைத் தீட்டி வைக்கிறேன். கார்டையும் என் ஏழு பவுண்டு இரண்டு அவுன்ஸையும் வேண்டுமானால் உன் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பட்டியல் சொல்வதைக் கவனி: நான் பிடித்தது 1994இல், உன் மீனுக்கு நாலு வருஷம் முன்னால். பந்தயம் கட்டும்போதே நீ தோற்றவன். அந்தத் தேதியை மாற்றச் சொல்லி ஆர்விலிடம் போகலாம் என்று நினைக்காதே. பெட்டியைத் திரும்பப் பிளக்கில் மாட்டித் துண்டு போர்த்தியாயிற்று. தொடாதே, பேட்டரி வீக்.